இசைத்தட்டும் பெயர்ப்பதிவும்: ஒலிப்பதிவுகளுக்கான நூலகப் பட்டியலாக்க விதிகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

பெங்களூரு நகரின் மெட்ரோ பச்சை வழித்தடத்தில் சம்பிகே சாலை நிலையத்தை அடுத்து வருவது ஸ்ரீராம்புரம் நிலையம். முன்னது மல்லேசுவரத்தின் வாயில். பின்னது தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீ. இரா. ரங்கநாதன் 1957-இல் பெங்களூருவில் குடியேறினார். 1962-இல் அவர் நிறுவிய ஆவணமாக்க ஆய்வு பயிற்சி மையம் தொடக்கக் காலத்தில் மல்லேசுவரத்திலேயே இயங்கியது. நூல்களை எவ்வாறு வகைப்படுத்துவது, எவ்வாறு பதிவது என்பன பற்றிய நுண்ணிய சிந்தனைகள் அங்கே வளர்ந்த காலத்தில், அடுத்த பகுதியின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இசைத்தட்டும் வானொலியும், பின்னர் ஒலிநாடாவும் ஒலித்துக்கொண்டிருந்தன. அவ்வொலிகளுக்கு நூலகத்தில் இடம் உண்டா, உண்டெனில் எப்பெயரில் என்னும் வினா இன்றும் முழுமையாக விடை பெறவில்லை.

ஒலிப்பதிவுகளைப் பதிவதற்கென உலக அளவில் வகுக்கப்பெற்ற விதிகள் தமிழ் இசைத்தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். விதிகளின் குறைகளை எடுத்துரைப்பதோடு, தமிழ் மரபிலேயே அமைந்துள்ள பதிவு முறையொன்று அவற்றைச் செம்மைப்படுத்த எவ்வாறு துணைநிற்கும் என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

விதிகள்: ஒரு சுருக்க வரலாறு

ரங்கநாதனின் வகைப்படுத்திய நூற்பட்டி விதித்தொகுப்பு 1934-இல் வெளிவந்தது. அது அச்சு நூலையே முதன்மையாகக் கருதியது. ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு 1978-இல் வெளிவந்தபோது அதன் ஆறாம் இயல் முழுமையாக ஒலிப்பதிவுகளுக்கு ஒதுக்கப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் பயிற்றுவிக்கப்பட்டதும் பின்பற்றப்பட்டதும் இவ்விதித்தொகுப்பே. 1998-இல் நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு படைப்பு, வெளிப்பாடு, பதிப்பு வடிவம், படி என்னும் நான்கு நிலைகளைப் பிரித்துக்காட்டும் கருத்துருவை அளித்தது. 1999-இல் ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் தனக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. 2010-இல் வள விவரிப்பும் அணுகலும் என்னும் பொருளுடைய ஆர்.டி.ஏ. விதித்தொகுப்பு வெளிவந்தது, அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013 மார்ச் 31 முதல் அதனை நடைமுறைப்படுத்தியது.

இவ்வளர்ச்சி முழுவதிலும் ஓர் அடிப்படை எண்ணம் தொடர்ந்து வந்துள்ளது. இசை என்பது ஒரு தனி மனிதர் எழுத்தில் அமைத்த படைப்பு. அதைப் பலர் இசைக்கின்றனர் என்பதே அது. ஐரோப்பியச் செவ்வியல் இசைக்கு இது முற்றும் பொருந்தும். தமிழ்ச் சூழலில் இவ்வெண்ணம் எவ்விடங்களில் தடுமாறுகிறது என்பதை நான்கு நிலைகளில் காணலாம்.

தகவல் மூலம்: கண்ணுக்கும் காதுக்கும் இடையே

பட்டியலாக்கத்தின் முதல் வினா, தகவலை எங்கிருந்து எடுப்பது என்பதாகும். நூலுக்குத் தலைப்புப் பக்கம் போல இசைத்தட்டுக்கு அதன் நடுவிலுள்ள ஒட்டுச்சீட்டு முதன்மை மூலமாகிறது. இரு பக்கங்களிலும் சீட்டு இருப்பின் இரண்டையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும். எழுத்தில் உள்ள தகவலையே ஒலியில் உள்ள தகவலினும் சிறப்பாகக் கொள்ள வேண்டும் என்பது 1978-ஆம் ஆண்டு விதி.

இவ்விதி இந்திய இசைத்தட்டின் பிறப்பு வரலாற்றோடு முரண்படுகிறது. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பதிவுகளை மேற்கொண்டார். அங்கே பாடிய கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் செருமனியின் ஹானோவர் நகரில் அச்சாகின. அங்கிருந்த தொழில்நுட்பர்கள் எந்தத் தட்டு யாருடையது என அறிந்து சரியான சீட்டை ஒட்டுவதற்கு இவ்வறிவிப்பு உதவியது. எனவே சீட்டு என்பது அறிவிப்பிலிருந்து பிறந்தது. அறிவிப்பு சீட்டிலிருந்து பிறந்ததன்று. மொழி அறியாதவர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதிய சீட்டை முதன்மை மூலமாகவும், பாடியவரே தம் வாயால் கூறிய பெயரைத் துணை மூலமாகவும் கொள்வது சான்றுகளின் வரிசையைத் தலைகீழாக்குவதாகும். சுவடியில் ஏடெழுதுவோர் பிழையை ஆராயும் பதிப்பாசிரியர் எவரும் இதை ஏற்கத் தயங்குவர்.

இதனினும் உறுதியான சான்று தட்டின் உள்விளிம்பில் பொறிக்கப்பட்ட வார்ப்பு எண்ணாகும். மைக்கேல் கின்னியர் 1994-இல் வெளியிட்ட, கிராமபோன் கம்பெனியின் 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளின் அட்டவணை, இத்தகைய எண்களின் துணைகொண்டு ஒரு காலத்தின் இசையை எவ்வளவு துல்லியமாக மீட்கலாம் என்பதற்குச் சான்று. வெளியீட்டு எண்ணையும் வார்ப்பு எண்ணையும் குறிக்க விதிகள் இடம் தருகின்றன. எனினும் குறிப்புப் பகுதியில் வரும் கூறுகளில் ஒன்றாகவே அவை அமைகின்றன. தமிழ்ப் பதிவுகளைப் பொறுத்தவரை சீட்டு, அறிவிப்பு, வார்ப்பு எண், கம்பெனிகள் வெளியிட்ட பாட்டுப் புத்தகம் ஆகிய நான்கையும் ஒப்புநோக்கிய பின்னரே பெயரை உறுதிசெய்தல் வேண்டும். எதிலிருந்து எத்தகவல் பெறப்பட்டது என்பதும் பதிவில் தெரிய வேண்டும்.

பெயர்: ஊரும் தாயும்

ஒரு பாடகர் எந்த எழுத்தின்கீழ்ப் பதியப்பட வேண்டும்? இந்தியப் பெயர்களுக்கான பகுதியில் 1978-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு கன்னடம், மலையாளம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கையும் ஒன்றாக்கிப் பேசுகிறது. குடும்பப்பெயர் இல்லாதவிடத்து இடுபெயரின்கீழ்ப் பதிக; இடுபெயருக்கு முன் பெரும்பாலும் ஊர்ப்பெயரும் சிலபோது தந்தை பெயரும் வரும்; பின்னால் சாதிப்பெயர் வரலாம் என்பது அதன் சாரம். ஆர்.டி.ஏ.யின் 2010-ஆம் ஆண்டு வடிவமும் இந்தியப் பெயர்களைப் பின்னிணைப்பில் தனியே கருதியது.

விதிக்கு இரு தடைகள் எழுகின்றன. முதலாவது, இசையுலகில் ஊர்ப்பெயரே ஆளின் பெயராகிவிடுகிறது. செம்மங்குடி, அரியக்குடி, சீர்காழி என்று கூறினால் எவரும் ஊரை நினைப்பதில்லை. விதிப்படி இவர்கள் சீனிவாச ஐயர், இராமானுச ஐயங்கார், கோவிந்தராஜன் என்னும் பெயர்களின்கீழ் ஒதுங்குகின்றனர். ரங்கநாதனே சீர்காழியைச் சார்ந்தவர். அவர் பெயரின் முதலெழுத்து அவ்வூரையும், இரண்டாம் எழுத்து தந்தை இராமாமிர்தத்தையும் குறிப்பன. அவருடைய விதித்தொகுப்பின்படி ரங்கநாதன் என்னும் பெயர் முன்னிற்க, முதலெழுத்துகள் அடைப்புக்குள் பின்னிற்கும். ஒரே ஊர் நூலகவியலாருக்கு முதலெழுத்தாகச் சுருங்கியும், பாடகருக்கு முழுப்பெயராக விரிந்தும் நிற்பது நோக்கத்தக்கது. ஊர் எங்கே அடையாளம், எங்கே பெயர் என்பதை இலக்கணம் முடிவுசெய்வதில்லை, வழக்கே முடிவுசெய்கிறது. உலக வழக்கு என்னும் தமிழ் இலக்கணக் கருத்து இங்கே விதியினும் தெளிவாக உள்ளது.

இரண்டாவது தடை மேலும் ஆழமானது. முன்னெழுத்து தந்தையைக் குறிக்கும் என்னும் எண்ணம் தமிழ் இசைத்தட்டு வரலாற்றின் தலையாய பெண்கள் சிலரிடத்தே பொய்த்துப்போகிறது. எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் உள்ள இரண்டாம் எழுத்து அவர் தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவைக் குறிக்கிறது. கே. பி. சுந்தராம்பாளின் பெயரில் கொடுமுடிக்குப் பின் நிற்பது தாய் பாலாம்பாள். எம். எல். வசந்தகுமாரியின் பெயரில் நிற்பது தாய், பாடகர் லலிதாங்கி. டி. கே. பட்டம்மாளின் பெயரிலோ தாமல் என்னும் ஊருக்குப் பின் தந்தை கிருட்டிணசாமியின் பெயர் உள்ளது. நான்கு பெயர்களும் ஒரே அமைப்பினவாகத் தோன்றினும் இரு வேறு சமூக வரலாறுகளைத் தாங்கியுள்ளன. ஒன்று தாய்வழியாகக் கலை கைமாறிய வரலாறு. மற்றொன்று கோயில் மரபுக்கு வெளியிலிருந்து பெண்கள் மேடைக்கு வந்த வரலாறு. பி. பி. சீனிவாசின் முதலெழுத்துகளோ பிரதிவாதி பயங்கரம் என்னும் குடிப்பட்டத்தைக் குறிப்பன. ஊரும் இல்லை, தந்தையும் இல்லை. குடும்பப்பெயரா என்பதும் வினாவே.

பட்டியலில் முதலெழுத்துகள் அழிந்துவிடுவதில்லை என்பது உண்மை. அவை இடம்பெயர்ந்து நிற்கின்றன. ஆனால் அவற்றின் பொருள் அழிகிறது. அடுத்த தலைமுறை ஆய்வாளர் விதி கூறுவதை நம்பி, அவ்வெழுத்தைத் தந்தை பெயரென விரித்தெழுதினால் தாயின் பெயர் வரலாற்றிலிருந்து நீங்கிவிடும். ஆர்.டி.ஏ. ஒருவருக்கும் மற்றொருவருக்கும் உள்ள உறவைப் பதிவதற்கு வழிசெய்துள்ளது. லலிதாங்கியும் வசந்தகுமாரியும் தத்தம் பெயர்ப்பதிவில் இணைக்கப்பட வேண்டும். இதற்குத் தனி விதி வேண்டுவதில்லை. இருக்கும் விதியைப் பயன்படுத்தும் அறிவே வேண்டும்.

ஆசிரியர் யார்?

சொல்லும் இசையும் சேர்ந்த படைப்பை இசையமைத்தவர் பெயரின்கீழ்ப் பதிந்து, சொல்லின் ஆசிரியருக்குத் துணைப்பதிவு அளிக்க வேண்டும் என்பது பழைய விதி. இதனைத் திருப்பாவையில் பொருத்திப் பார்க்கலாம். திருப்பாவையின் முப்பது பாசுரங்களுக்கும் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890-1967) அமைத்த இசையே மேடையில் நிலைபெற்றது. எம். எல். வசந்தகுமாரியின் பதிவுகள் அதனைப் பரப்பின. விதியை எழுத்துப்படி பின்பற்றினால் இப்பதிவு இராமானுச ஐயங்காரின்கீழ் முதன்மையாக அமையும்; ஆண்டாள் துணைப்பதிவாக நிற்பார். தமிழறிந்த எவரும் இதை ஏற்பாரல்லர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுக்குப் புதிய மெட்டமைத்தவரும் அரியக்குடியே. ஆண்டுகள் பல கடந்து மெட்டு மாறினும் படைப்பு கவிராயருடையதே எனத் தமிழ் மரபு கருதுகிறது.

இம்மரபு இன்று நேற்று ஏற்பட்டதன்று. உ. வே. சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்த பரிபாடலின் பாடற்குறிப்புகள், பாடிய புலவர் பெயரையும், இசை வகுத்தவர் பெயரையும், பண்ணையும் தனித்தனியே பிரித்துக் கூறுகின்றன. கடுவன் இளவெயினனார் பாடிய மூன்றாம் பாடலுக்குப் பெட்டனாகனார் இசை வகுத்தார். பண் பாலையாழ் என அறிகிறோம். புலவர் முதலில், இசை வகுத்தவர் அடுத்து, பண் மூன்றாவது என்னும் இவ்வரிசை ஒரு முழுமையான பட்டியலாக்க நெறியாகும். உலக விதிகள் ஒரே தலைப்பில் அடக்க முயன்று தடுமாறுவதைப் பாடற்குறிப்பு பல கூறுகளாகப் பிரித்து எளிதில் தீர்த்துள்ளது. ஏட்டுச்சுவடியில் இசையின் எழுத்து வடிவம் எஞ்சாத நிலையிலும் இசை வகுத்தவர் பெயர் எஞ்சியிருப்பது இக்குறிப்புகளின் பயனை உணர்த்துகிறது.

ஆயினும் பாடற்குறிப்பில் ஒரு வெற்றிடம் உண்டு. இசைக்கேற்பப் பாடிக்காட்டியவர் யார் என்பது அதில் இல்லை. ஒலி நிலைபெறாத காலத்தில் அத்தகவலுக்குத் தேவையும் இல்லை. இசைத்தட்டு வந்தபின் அந்நிலை மாறியது. டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடி ஆலாபனைக்குப் புலவரும் இல்லை, முன்னரே இசை வகுத்தவரும் இல்லை. வாசித்தவரே படைப்பாளர். 1978-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, பலருடைய படைப்புகளை ஒருவர் நிகழ்த்தும் தட்டினை அம்முதன்மைக் கலைஞரின் பெயரின்கீழ்ப் பதிய இசைந்தது. ஒரு கச்சேரித் தட்டில் தியாகராசரும் கோபாலகிருட்டிண பாரதியாரும் பாபநாசம் சிவனும் இடம்பெறின் அது பாடியவரின் பெயரில் அமைந்தது. இவ்விதி தமிழ்க் கேட்போரின் வழக்கத்தோடு ஒத்தது. ஆர்.டி.ஏ. இதனைக் கைவிட்டது. பலர் படைப்புகளின் தொகுப்பு தலைப்பின்கீழ்ச் சென்றது. பாடியவர் வெளிப்பாட்டு நிலையில் பங்களித்தவர் ஆனார்.

கணினிப் பட்டியலில் எப்பெயரைக் கொண்டும் தேடலாம். முதன்மைப் பதிவு, துணைப்பதிவு என்னும் வேறுபாடு பொருளற்றது என்பர். தேடலுக்கு இது பொருந்தும். ஆனால் பட்டியல் தேடலுக்கு மட்டும் உரியதன்று. மேற்கோளுக்கும் வரிசைப்படுத்தலுக்கும் உரியது. கச்சேரித் தட்டுகளுக்குப் பெரும்பாலும் தனித்தன்மையுள்ள தலைப்பே இருப்பதில்லை. கருநாடக இசை, வாய்ப்பாட்டு என்பன போன்ற பொதுச்சொற்களே உறையில் காணப்படும். அத்தகைய தலைப்பின்கீழ்க் குவியும் நூற்றுக்கணக்கான தட்டுகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டுவது பாடியவர் பெயரொன்றே. எனவே இக்கூற்றில் பழைய விதியே தமிழுக்கு ஏற்றது எனல் பொருந்தும்.

பாடலின் முதலடிக்கும் இவ்வாறே உரிய இடம் வேண்டும். பாடல்கள், தெரிவு என்னும் பொதுத்தலைப்புகள் தேடுவோருக்கு உதவா. தமிழர் பாடலை அதன் முதலடியாலேயே அறிவர். செய்யுள் முதற்குறிப்பு அகராதியைப் பதிப்பின் இன்றியமையா உறுப்பாக்கிய தமிழ்ப் பதிப்பு மரபு, ஒலிப்பதிவுப் பட்டியலுக்கும் அதே உறுப்பை அளிக்க வல்லது. ஒவ்வொரு தட்டின் உள்ளடக்கக் குறிப்பிலும் முதலடி, இராகம், தாளம், இயற்றியவர் ஆகியன இடம்பெற்றுத் தேடத்தக்கனவாதல் வேண்டும்.

மொழியும் இடமும்

ஸ்ரீராம்புரம் போன்ற பகுதிகளில் இவ்வினாக்கள் வேறொரு வடிவம் கொள்கின்றன. எம். எல். வசந்தகுமாரி பாடிய புரந்தரதாசர் பாடல்கள் கன்னடம். பாடியவர் தமிழர். பி. பி. சீனிவாஸ் கன்னடத் திரையில் ராஜ்குமாருக்கும் தமிழ்த் திரையில் ஜெமினி கணேசனுக்கும் குரல் கொடுத்தார். மொழிவாரியாகப் பிரிக்கப்பட்ட அடுக்குகளில் இவர்கள் இருவேறு மனிதர்களாகிவிடுகின்றனர். மொழி என்பது பாடலின் கூறு, பாடகரின் கூறன்று. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எழுந்து 1943-இல் தமிழ் இசைச் சங்கமாக நிலைபெற்ற இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு, எத்தட்டில் எம்மொழிப் பாடல்கள் எத்தனை என்னும் கணக்கு முதன்மைச் சான்று. தட்டு முழுமைக்கும் ஒரு மொழிக் குறியீடு இட்டால் அக்கணக்கு கிட்டாது. ஒவ்வொரு பாடலுக்கும் மொழி தனித்தனியே குறிக்கப்பட வேண்டும்.

இடப்பெயரிலும் சிக்கல் உண்டு. ஸ்ரீராம்புரம், சிறீராமபுரம், ஸ்ரீராம்புரா என ஓரூர் மூவகையாக எழுதப்படுகிறது. கிரந்த எழுத்தை ஏற்பதா தவிர்ப்பதா என்பது தமிழுக்குள் உள்ள கருத்து வேறுபாடு. இறுதி வடிவம் கன்னட வழக்கு. உரோமன் எழுத்துப்பெயர்ப்பு இவற்றைத் தனித்தனி இடங்களில் கொண்டு நிறுத்துகிறது. பெங்களூர் நாகரத்தினம்மாளின் (1878-1952) பெயரில் ஊர் முன்னொட்டாக நிற்கிறது. நகரின் பெயர் 2014-இல் பெங்களூரு என அலுவல்முறையில் மாறியது. நகரின் பெயர்ப்பதிவு மாறலாம். பாடகரின் பெயர் மாறலாகாது. இவ்வேறுபாட்டை விதிகள் அனுமதிக்கின்றன. பதிவோர் மறவாதிருத்தல் வேண்டும்.

ஒலிநாடா: விதிக்கு வெளியே

1980-களில் ஒலிநாடா இசையை ஏழையர் கைக்கும் கொண்டுசேர்த்தது. ஒரு பக்கத்தில் ஒரு படமும் மறுபக்கத்தில் மற்றொரு படமுமாக வந்த நாடாக்களில் இசையமைப்பாளர் பெயர் பெரிதாகவும் பாடலாசிரியர் பெயர் சிறிதாகவும், சிலவற்றில் இல்லாமலும் அச்சிடப்பட்டது. பரிபாடல் குறிப்பின் வரிசை இங்கே நேர்மாறாகிறது. பாடலாசிரியரைத் திரைப்பாட்டுப் புத்தகத்திலிருந்து பெற்று நிரப்புவது பதிவோரின் கடமையாகிறது.

இவற்றினும் சிக்கலானவை பதிவுக் கடைகளில் விரும்பிய பாடல்களின் பட்டியலைக் கொடுத்து வெற்று நாடாவில் பதிந்துபெற்றவை. வெளியீட்டாளர் இல்லை, எண் இல்லை, உறையில் கையெழுத்து மட்டும் உண்டு. வெளியிடப்படாத ஒலிப்பதிவு என்னும் பகுப்பில் பழைய விதித்தொகுப்பு இவற்றுக்குச் சுருக்கமான இடமளித்தது. ஆனால் இவற்றைப் பெரும்பாலான நூலகங்கள் பெறுவதே இல்லை. ஒரு குடும்பம் எவ்வெப் பாடல்களை எவ்வரிசையில் கேட்டது, தமிழும் கன்னடமும் ஒரே நாடாவில் எவ்வாறு கலந்தன என்பதற்கு இக்கையெழுத்துப் பட்டியலைவிடச் சிறந்த சான்று வேறில்லை. காந்தப்பூச்சு உதிர்ந்து ஒலி மங்கினாலும் உறைக் குறிப்பு எஞ்சும். அதனைப் பதிந்துவைத்தல் இப்போதும் இயலும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பன்னாட்டு விதிகள் தமிழ் ஒலிப்பதிவுகளை விலக்கவில்லை. ஆனால் இயற்றியவரை மையமாகக் கொண்ட பார்வையால் பாடியவரையும், தந்தைவழியை இயல்பெனக் கொண்ட பார்வையால் தாய்வழியையும், எழுத்தை உயர்த்திய பார்வையால் குரல் அறிவிப்பையும் பின்தள்ளியுள்ளன. இவற்றுக்கு மாற்று விதித்தொகுப்பு எழுதவேண்டிய தேவை இல்லை. பரிபாடற் குறிப்பின் மூன்று கூறுகளோடு பாடியவர் என்னும் நான்காம் கூற்றைச் சேர்த்து, முதற்குறிப்பு அகராதியையும் இணைத்து, ஒவ்வொரு முன்னெழுத்தின் விரிவும் மூலமும் தெரியும் தமிழ் எழுத்திலான பெயர்க்கோப்பு ஒன்றை உருவாக்கினால் இருக்கும் விதிகளே போதுமானவை.

இப்பணி நூலகவியல் துறைக்கு மட்டும் உரியதன்று. பெயரின் வழக்கையும் பாடலின் பாடத்தையும் அறிந்த தமிழ்த் துறைகளுக்கும் உரியது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது ரங்கநாதனின் மூன்றாம் விதி. அரக்குத் தட்டு உடையக்கூடியது, நாடா மங்கக்கூடியது. மல்லேசுவரத்தில் வளர்ந்த அறிவு அடுத்த நிலையத்தின் வீடுகளில் எஞ்சியுள்ள நாடாக்களைச் சென்றடையும்போதே அம்மூன்றாம் விதி அவற்றுக்கும் உரியதாகும்.